ஏழு வாரம் வயிற்றைத் தேய்த்தவள்

என் மலாய்ப் பேச்சை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதெல்லாம் வெட்கக்கேடு; அதற்கு முன்னால் எனக்கும் கொஞ்சம் மரியாதை இருந்தது என்று தெரியட்டும். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் முப்பத்திரண்டு வருஷமாகத் துணிக்கடை வைத்திருக்கிறேன். பாஜு கூரோங் தைக்கத் துணி பார்க்க வரும் மலாய்க்காரப் பெண்களிடம் நான் பேச ஆரம்பித்தால், இரண்டு மீட்டர் கேட்டவர்கள் ஆறு மீட்டர் வாங்கிக்கொண்டு போவார்கள். "ஜபருல்லா பாய் வாயத் தொறந்தா போதும்லா, ரோலே காலி" என்று பக்கத்துக் கடை ராசிக் சொல்வான். அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொள்கிற ஆள்தான் நான்.

என் மனைவி ஜெய்னம்புவுக்கு மலாய் வராது. நாகூரிலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கிள்ளானில் எங்கள் வீட்டைச் சுற்றித் தமிழிலேயே மீன் வாங்கலாம், தமிழிலேயே சண்டையும் போடலாம். பாசாரில் விலை கேட்க ஒரு சொல், விலை அதிகம் என்று சொல்ல ஒரு சொல், இரண்டையும் வைத்தே காலத்தை ஓட்டிவிட்டாள். மற்றதற்கெல்லாம் நான். பேங்க் ஆகட்டும், பள்ளிக்கூடம் ஆகட்டும், "மச்சான், நீங்க பேசுங்க" என்று ஓரடி பின்னால் நின்றுகொள்வாள். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

நோன்பு மாதத்துக்கு நான்கு வாரம் இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டாள். எலும்பு மூன்று துண்டு. ஆபரேஷன் செய்து தகடும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். முழங்கைக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. தையல் பிரித்ததும் பிசியோவுக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். செமினியில் இருக்கும் எங்கள் மகள் ஃபஹீமா போனில், "அத்தா, நான் லீவு போட்டுட்டு வரேன். அவங்க சொல்றத கரெக்டா கேட்டு எழுதி வச்சுக்கணும்" என்றாள்.

"ஏன், உங்கத்தாவுக்குக் காது அவிஞ்சு போச்சா? எனக்கு மலாய் தெரியாதா?" என்று போனை வைத்துவிட்டேன்.

பிசியோ செய்யும் பெண்ணின் பெயர் ஹஸ்லினா. நல்ல பெண். கையை மடக்குவது எப்படி, நீட்டுவது எப்படி என்று தானே செய்து காட்டினாள். ஜெய்னம்பு அதைப் பார்த்துச் செய்தாள். பார்த்துச் செய்வதற்கு மொழி எதற்கு? வம்பு கடைசியில்தான் வந்தது. வெட்டின இடம் இன்னும் முழுசாகக் காயாமல் மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. வெளியே பெரிய வரிசை. ஹஸ்லினா எழுந்து நின்றபடியே, புண் காய்ந்ததும் லோஷன் போட்டு ஐந்து நிமிஷம், தினம் மூன்று வேளை, கொஞ்சம் அழுத்தி ஊருட் பண்ண வேண்டும் என்று மலாயில் கடகடவென்று சொன்னாள். விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றியும் காட்டினாள்.

ஊருட் என்றால் தேய்த்துவிடுவது. அது எந்தக் குழந்தைக்கும் தெரியும். எதைத் தேய்ப்பது? அவள் வாயிலிருந்து வந்தது பாருட். எனக்குத் தெரிந்த பாருட் தேங்காய்த் துருவல்தான். பாசாரில் பையில் கட்டி அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். உடைந்த கைக்குத் தேங்காய்த் துருவலா? அவள் சொன்னது பெருட்டாகத்தான் இருக்கும், என் காதில் தவறாக விழுந்திருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பெருட் என்றால் வயிறு. "திருப்பிச் சொல்லும்மா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தச் சின்னப் பெண்ணிடம் போய், மனைவி பக்கத்தில் நிற்கும்போது, ஒரு சொல்லுக்கு நான் அர்த்தம் கேட்பதா? புரிந்தது, புரிந்தது என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

காரில் ஏறியதும் ஜெய்னம்பு கேட்டாள். "கடைசில என்னமோ விரலச் சுத்திக் காட்டுனாளே, என்ன மச்சான்?"

"புண்ணு காஞ்சதும் லோஷன் போட்டு வயித்தத் தேய்க்கணுமாம். மூணு வேள. நல்லா அழுத்தி, சுத்திச் சுத்தி."

"வயித்தையா? கை ஒடஞ்சதுக்கு வயித்த எதுக்குத் தேய்க்கணும்?"

"இவ்வளவு மாத்திர முழுங்குறியே, வயித்துல வாயு சேராது? படிச்சவங்க காரணம் இல்லாமலா சொல்வாங்க? அவங்கள விட ஒனக்கு நெறய தெரியுமோ?"

வாயு என்பது நானாக அந்த நிமிஷத்தில் கட்டிவிட்டது. சொன்ன பிறகு எனக்கே அது சரியாகத்தான் பட்டது.

புண் காய்ந்தது. நோன்பும் வந்தது. எங்களுக்கு வருஷம் முழுக்க ஓடாத வியாபாரம் அந்த ஒரு மாதத்தில் ஓடும். அடுத்த பிசியோ தேதியை நான்தான் போன் பண்ணித் தள்ளிப்போட்டேன், பெருநாள் முடிந்ததும் வருகிறோம் என்று. ஜெய்னம்பு மட்டும் ஒரு வேளை தவறவில்லை. விடியுமுன் சஹர் சாப்பிட்டு, தொழுதுவிட்டு, மெத்தையில் மல்லாந்து படுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இடது கையால் வயிற்றைத் தேய்ப்பாள். மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. "நோன்புல வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு மச்சான், இதுல எதப் போய்த் தேய்க்க?" என்று சிரிப்பாள். அப்போதும் கையை எடுக்கமாட்டாள்.

மடக்கும் பயிற்சியையும் செய்தாள். ஆனால் கை ஓர் இடம் வரைக்கும் வரும், அதற்கு மேல் நின்றுவிடும். பெருநாளன்று வீட்டுக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் இடது கையால் கரண்டியைப் பிடித்துப் பரிமாறினாள். எவ்வளவு கூப்பிட்டும் உட்காரவில்லை. தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, இடது கையால் பிரியாணியை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

"சோத்துக் கை வாய்க்கு எட்ட மாட்டேங்குது மச்சான். எடது கையால திங்கிறத யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க? அல்லா மன்னிப்பான்ல?"

"எல்லாம் சரியாப் போவும். தேய்க்கிறத மட்டும் விட்றாத" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். இதே வாயால்.

ஏழு வாரம் கழித்து மறுபடியும் ஹஸ்லினாவிடம் போனோம். முழங்கையில் ஓர் அளவுகோலை வைத்து அளந்தாள். தொண்ணூறு டிகிரிதான் மடங்குகிறது. சோறு வாய்க்கு எட்ட நூற்று முப்பது வேண்டும். அவள் முகம் மாறியது. ஜெய்னம்புவின் கையைத் திருப்பி, பின்பக்கத்துத் தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். "பாருட் ரொம்பக் கெட்டியாகிவிட்டதே" என்றாள் மலாயில்.

தழும்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு பாருட் என்கிறாள். பாருட் என்றால் தழும்பு. யா அல்லா!

அவள் பொறுமையாக விளக்கினாள். வெளியே தோல் ஆறியதுபோல உள்ளேயும் தழும்பு வளர்ந்திருக்கிறது. மேலே தோலோடும் கீழே தசையோடும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது, அதனால்தான் கை மடங்காமல் இழுத்துப் பிடிக்கிறது. சட்டைக் காலருக்குள் கேன்வாஸ் வைத்து ஒட்டுவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஆரம்பத்திலிருந்தே அழுத்தித் தேய்த்திருந்தால் இவ்வளவு ஒட்டியிருக்காது. இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம்; இளகாவிட்டால் டாக்டர் மறுபடியும் வெட்டித்தான் பிரித்துவிட வேண்டியிருக்கும் என்றாள்.

பிறகு நேராக ஜெய்னம்புவைப் பார்த்து, "ஊருட் பண்ணினீர்களா, மாக்சிக்?" என்று கேட்டாள். மாக்சிக் என்றால் பெரியம்மா மாதிரி, மரியாதைக்குக் கூப்பிடுவது. ஊருட் என்ற சொல் ஜெய்னம்புவுக்கு இதற்குள் பழகியிருந்தது. முகமெல்லாம் மலர்ந்து தலையை ஆட்டினாள். மூன்று விரலைக் காட்டினாள். அதோடு விட்டாளா? இடது கையை வயிற்றின் மேல் வைத்து, சுற்றிச் சுற்றித் தேய்த்துக் காட்டினாள்.

ஹஸ்லினா விழித்தாள். "மாக்சிக்குப் பசிக்கிறதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமாம், காலையில் சாப்பிடவில்லை" என்றேன் மலாயில். நல்ல, சுத்தமான மலாயில்.

ஹஸ்லினா சிரித்தாள். பிறகு ஆசிரியைபோல விரலை ஆட்டி, "மாலாஸ் கூடாது, மாக்சிக்" என்றாள்.

மாலாஸ் என்றால் சோம்பேறித்தனம். ஜெய்னம்புவுக்குத் தெரிந்த சொற்ப மலாயில் அது ஒன்று. ஃபஹீமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் டீச்சர் ரிப்போர்ட் கார்டில் எழுதி அனுப்புவார். அதைச் சொல்லியே மகளைத் திட்டிப் பழகியவள். அவள் முகம் சுருங்கிப்போனது.

"நான் மாலாஸ் இல்லன்னு சொல்லுங்க மச்சான். நோன்புலகூட ஒரு வேள விடலன்னு சொல்லுங்க."

நான் ஹஸ்லினா பக்கம் திரும்பினேன். மூன்று வார்த்தை போதும். என் தப்பு, அவள் தப்பில்லை, மன்னித்துக்கொள். சொன்னால் அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், அந்த அறையில் மற்ற கட்டில்களில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், ஃபஹீமாவுக்குத் தெரியும், ராசிக்குக்குத் தெரியும். எல்லாம் கண்முன் வந்தது. "இனிமேல் ஒழுங்காகச் செய்கிறேன் என்கிறாள்" என்று மலாயில் சொன்னேன்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்லா."

திருட்டுப் பயல். வேறு என்ன சொல்ல என்னை? கை ஒடிந்தவளையே குற்றவாளியாக்கி, அவள் வாயாலேயே ஒத்துக்கொண்ட மாதிரியும் செய்துவிட்டேன். காரில் அதற்கு மேலும் ஒரு படி போனேன்.

"இப்போ செகண்ட் ஸ்டேஜ் ஆரம்பமாம். வயிறு முடிஞ்சிருச்சு. இனிமே தழும்பு மேலயே தேய்க்கணும்."

"அப்ப மொத ஸ்டேஜ் நல்லா வேல செஞ்சிருக்கா?"

"ஆமா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் தேய்த்த தேய்ப்பைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மாலாஸ் என்று சொல்லிவிட்டார்களே என்ற ரோஷம். தழும்பு சிவந்து கன்றிப்போகும், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடும், பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைப்பேன். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன். சொல்ல வாயைத் திறந்தால் கோபம்தான் வரும். தேத்தண்ணியில் சீனி குறைவு என்று கத்துவேன், சட்டைக்கு இஸ்திரி சரியில்லை என்று கத்துவேன். கையொடிந்தவளிடம் இஸ்திரியைப் பற்றிக் கத்தினேன். அவள் ஃபஹீமாவிடம் போனில், "உங்கத்தா இல்லாட்டி நான் இந்த ஆஸ்பத்திரில என்ன செய்வேன்? பாவம், கடைய விட்டுட்டு எனக்காக அலையுறாங்க" என்று சொல்வது என் காதில் விழும். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மூன்றாவது தடவை போனபோது ஹஸ்லினாவின் அறைக்கு வெளியே நாற்காலி வரிசையில் காத்திருந்தோம். பக்கத்தில் ஜெஞ்சாரோமிலிருந்து வந்திருந்த ஒரு பெண், பெயர் மாரியாயி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து அவளுக்கும் முழங்கையில்தான் ஆபரேஷன். தையல் பிரித்து ஒரு வாரம். ஜெய்னம்பு சும்மா இருப்பாளா? ஐந்து நிமிஷத்தில் ஊர், பிள்ளைகள், வலி எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

"இந்தத் தழும்பத் தேய்க்கச் சொல்றாங்கக்கா" என்றாள் மாரியாயி. "தொட்டாலே உசுரு போவுது. நான் இன்னும் ஒரு தடவகூடச் செய்யல. உள்ள போனா ஏசுவாங்க."

"தழும்பையா? இப்பவேவா?" ஜெய்னம்பு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது செகண்ட் ஸ்டேஜ்ல! ஒனக்கு யாரோ மாத்திச் சொல்லிட்டாங்க. மொதல்ல ஏழு வாரம் வயித்தத்தான் தேய்க்கணும். கையத் தொடவே கூடாது."

"நெசமாவாக்கா?" மாரியாயியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்ப ஏழு வாரத்துக்கு இத விட்றலாமா?"

"விட்று. நான் அப்பிடித்தான் செஞ்சேன். எங்க மச்சான்ட்ட வேணா கேளு, அவங்க மலாய்ல புலி." என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்களேன் மச்சான்."

ஒரு வழி இருந்தது. "உங்க கேஸ் வேறம்மா, அவங்க சொன்ன மாதிரியே செய்யுங்க" என்று சொன்னால் முடிந்தது கதை. மாரியாயியின் கையும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஜெய்னம்பு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் ஆறு மீட்டர் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்னைப் பார்ப்பது மாதிரி, முழு நம்பிக்கையோடு. என்னால் முடியவில்லை.

"இல்ல. கையத்தான் தேய்க்கணும்" என்றேன். "மொதல்லேர்ந்தே கையத்தான். ஸ்டேஜெல்லாம் கெடையாது."

ஜெய்னம்பு சிரித்தாள். "வெளயாடாதீங்க மச்சான், அந்தப் புள்ள பயந்துறப் போறா."

"வெளயாட்டு இல்ல புள்ள. பாருட்னா தழும்பு. நான் அத பெருட்னு எடுத்துக்கிட்டேன். வயிறுன்னு. நான் செஞ்ச தப்பு."

சிரிப்பு அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, எங்கே போவது என்று தெரியாமல். வரிசையில் இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, இருமுவது மாதிரி மாற்றிக்கொண்டார். மாரியாயி தன் கையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?" என்றாள் ஜெய்னம்பு.

"போன தடவ."

"அவ என்னய மாலாஸ்னு சொன்னப்பவா?"

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே."

"அப்ப நான் சொல்லச் சொன்னத நீங்க அவகிட்ட சொல்லல."

"சொல்லல."

வயிற்றைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு வாரத்தைப் பற்றியும் கேட்கவில்லை. எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து முன்னால் நடந்தாள், நான் ஓரடி பின்னால் போனேன்.

உள்ளே ஹஸ்லினா கையைப் பிடிக்க வந்தபோது ஜெய்னம்பு கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"மச்சான், நான் சொல்றத அவகிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்த கொறையக் கூடாது. 'என் பொண்டாட்டி சோம்பேறி இல்ல.' சொல்லுங்க."

சொன்னேன். ஹஸ்லினா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"'நீ சொன்னது எனக்குப் புரியல. புரியாததயே புரிஞ்ச மாதிரி அவகிட்ட சொல்லி, அவள ஏழு வாரம் வயித்தத் தேய்க்க வச்சேன்.'"

அதையும் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் கால் பயிற்சி செய்துகொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் காலை அப்படியே தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"'அது தப்புன்னு தெரிஞ்ச பொறவும், ஒரு மாசம் பொய் சொன்னேன்.'"

"ஜெய்னம்பு…" என்றேன்.

"ஏன், அதுக்கு மலாய் தெரியாதா?"

தெரியும். சொன்னேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் பேசியதிலேயே திக்கித் திணறிப் பேசிய மலாய் அதுதான். இருந்தும் ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை.

ஹஸ்லினா சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, ஜெய்னம்புவின் இடது கையைப் பிடித்து, "மாஆஃப், மாக்சிக்" என்றாள். மன்னிப்புக் கேட்டது என்னிடமில்லை, என் மூலமாகவுமில்லை. ஜெய்னம்பு தலையாட்டினாள். அவள் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது.

அளந்து பார்த்ததில் நூற்றைந்து. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்றாள் ஹஸ்லினா. முழங்கையின் பின்பக்கம் இடது கைக்குச் சரியாக எட்டவில்லை, வேறு ஒருவர்தான் அழுத்த வேண்டும் என்றும் சொல்லி, எங்கே, எப்படி என்று தன் கட்டைவிரலால் செய்து காட்டிவிட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

அன்றுவரை நான் அந்தத் தழும்பைத் தொட்டதில்லை. கட்டைவிரலை வைத்துத் தள்ளினேன். தோல் அசையவில்லை. நடுப்பகுதியில் எலும்போடு தைத்து வைத்ததுபோல இறுகிக் கிடந்தது. ஏழு வாரம், அதற்கு மேல் ஒரு மாதம். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஜெய்னம்பு பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். என்னால் தாங்க முடியாமல் விரலை எடுத்துவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைங்க" என்றாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் ஆவல."